எட்டுப் படமும் எண்பது குடமும்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் பாலசமுத்திரத்துக்குப் போவதில்லை என்று நான் முடிவு செய்தது ஒரு வியாழக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. இப்படிப்பட்ட முடிவுகளை வாய் நிறையப் பற்பொடி இருக்கும்போதுதான் எடுப்பேன். அவசரப்பட்டுச் சத்தமாகச் சொல்லிவிடும் ஆபத்து இல்லை.

பாலசமுத்திரம் என் மனைவி சுலோசனா பிறந்த ஊர். அங்கே என் மாமனார் முனிகிருஷ்ணன் நாற்பது மாங்கன்று வைத்திருக்கிறார். எல்லாம் ஒட்டுக்கன்று. கன்றுக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும். தோப்பு மேட்டில் இருக்கிறது. ஏற்றத்துத் தண்ணீர் அங்கே ஏறாது. நான் ஏறுவேன். கல்யாணமான முதல் வருஷம் அந்த வீட்டில் நான் மாப்பிள்ளை. மறுவருஷம் 'நம்ம வெங்கடரமணன்'. அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காப்பிக்குப் பதில் குடம் வந்தது.

வாரம் ஆறு நாள் சித்தூரில் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை. ஏழாம் நாள் எண்பது குடம். இதிலிருந்து தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்த சமயத்தில்தான், மெட்ராசுக்கு மாற்றலாகிப் போன சிநேகிதர் ஒருவர் தம்முடைய பெட்டிக் கேமராவை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு சுருள் போட்டால் எட்டுப் படம். அதைக் கையில் வாங்கியதும் எனக்குள் ஒரு கலைஞன் பிறந்தான். கலைஞனை யாரும் தண்ணீர் ஊற்றக் கூப்பிடமாட்டார்கள் என்பது என் கணக்கு.

எல்லாரும் கோபுரத்தையும் மலையையும் எடுக்கிறார்கள். நான் சித்தூரில் தினம் கண்ணில் படுவதை எடுப்பேன். வாசல் கோலம், பழைய கதவு, சுவரில் செம்மண்ணால் தீட்டிய மயில், கொல்லையில் காய்க்கிற முருங்கை. மனிதர்கள் மட்டும் வேண்டாம். மனிதர்கள் என்று ஆரம்பித்தால் பெண்டாட்டி வீட்டு உறவுக்காரர்கள் வந்து நின்றுவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"வர ஞாயித்துக்கெழம நான் ஊருக்கு வரல."

"ஏன், ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்பு நல்லாத்தான் கீது. போட்டோ புடிக்கணும்."

"யார?"

"யாரையும் இல்ல. கதவு, செவுரு, கோலம்."

"கதவு எங்க ஓடிப்பூடப் போவுது? திங்கக்கெழம புடிச்சா வாணான்னுமா?"

"திங்கக்கெழம ஆபீசு. அதுவுமில்லாம ஞாயித்துக்கெழம வெளிச்சம் நல்லா இருக்கும்."

"அன்னிக்கி ஞாயித்துக்கெழமன்னு சூரியனுக்கு யார் சொல்லுவாங்க?"

சோற்றை மென்றேன். அவள் ரசத்தைக் கலக்கினாள். பிறகு, "சரி, புடிச்சிக்கினு வாங்க," என்றாள்.

அந்த இடத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆறு வருஷத்தில் சுலோசனா எதற்கும் ஒரே தடவையில் சரி சொன்னதில்லை. ஆனால் ஜெயித்தவன் எங்கே யோசிக்கிறான்? இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டேன்.

அது ஐம்பத்தேழாம் வருஷம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆந்திரா தனி ராஜ்ஜியமாகி நாலு வருஷம் ஆகப்போகிறது. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராசுக்கு என்பது மட்டும் முடிவாகவில்லை. எல்லையைத் தீர்க்க ஆள் வருகிறார், வந்துவிட்டார், வந்து போயே போய்விட்டார் என்று தினம் ஒரு பேச்சு. டீக்கடைக்கு டீக்கடை இரண்டு கோஷ்டி. எங்கள் வீட்டில் மட்டும் அந்தத் தகராறு கிடையாது. என் எல்லை எது என்று சுலோசனா கல்யாணமான வாரமே தீர்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். இரண்டு வீடு தள்ளிக் கங்கம்மாள் வாசலில் நாலு புள்ளியில் ஒரு சின்னக் கோலம். அதன் மேல் ஒரு கோழி நடந்து போயிருந்தது. கோழியின் கால் தடமும் சேர்ந்து அது அவ்வளவு அழகாக இருந்தது. குனிந்து கேமராவின் கண்ணாடியில் பார்த்தேன். அவசரத்தில் கை ஆட, முதல் படம் விழுந்தது. இன்னொன்று எடுக்கலாம் என்று குறிபார்க்கும்போதே ஒரு வாளித் தண்ணீர் வந்து கோலத்தைக் கொண்டுபோய்விட்டது.

"இருய்யா, அவசரப்படாத," என்றாள் கங்கம்மாள், கோலமாவும் கையுமாக. "பெருசா போடறேன். சர்க்காருக்குப் போற படம்."

"சர்க்காருக்கு இல்லம்மா. எனக்கு."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீ அப்பிடித்தான் சொல்லுவேன்னு தெரியும்யா."

இருபத்தொரு புள்ளிக் கோலம் வாசலை அடைத்துத் தெருவுக்கு வந்தது. பக்கத்தில் கோலமாவாலேயே 'நல்வரவு' என்று எழுதினாள். உள்ளே போய்த் தமிழ்க் காலண்டரை எடுத்துவந்து நிலையில் மாட்டினாள்.

"இந்தத் தெரு தமிழ்த் தெருன்னு எல்லை ஆபீசருங்களுக்குப் படத்துல தெரியணும்ல?"

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. என்னை எல்லைக்காக வீடு வீடாகப் படம் பிடிக்கிற ஆள் என்று நினைத்துவிட்டாள். மறுத்துப் பேச வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டு ரங்கையா, தன் வெற்றிலைக் கடையின் தெலுங்குப் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதைத் தன் வீட்டுக் கதவில் சாத்தி, பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

"நாதி கூடா தீயண்டி," என்று தன்னுடையதையும் எடுக்கச் சொன்னார். "என் மூஞ்சி விழாட்டி பரவால்ல. போர்டு எழுத்து மட்டும் நல்லா விழணும்."

"ஐயா, நான் எல்லை ஆளே இல்ல."

ரங்கையா கண்ணைச் சிமிட்டினார். எதிரே கங்கம்மாளும் தலையை ஆட்டினாள். எங்கள் தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். நான் பொய் சொல்கிறேன் என்பதே அந்த விஷயம்.

அதற்கப்புறம் தெரு என் கையில் இல்லை. ஒரே துளசித் தொட்டி மூன்று வாசல் மாறி மூன்று வீட்டுக்கும் சொந்தமாயிற்று. செம்மண் மயிலுக்குப் பக்கத்தில் யாரோ கரியால் 'மயில்' என்று தமிழில் எழுதிவிட்டுப் போனார்கள். ஏழு டம்ளர் காப்பி குடித்தேன். தெருக்கோடி வீட்டில் புருஷன் தமிழ், பெண்டாட்டி தெலுங்கு. அவர்கள் எதை எழுதுவது என்று உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டார்கள். அந்தக் கதவை மட்டும் உள்ளது உள்ளபடி எடுக்க முடிந்தது.

அந்த நேரத்தில் அடுத்த வீட்டு நாகபூஷணம் வந்தார். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு வாத்தியார். கையில் ஒரு தாள், காதில் பென்சில்.

"ஏமண்டி வெங்கடரமணன்காரு, தமிழ் வீடு மூணு எடுத்துட்டீங்க. தெலுகு வீடு ஒண்ணே ஒண்ணு. இது நியாயமா?"

"சார், நான் சும்மா பொழுதுபோக்குக்கு..."

"அட, பொழுதுபோக்காவே இருக்கட்டும். திருப்பி ஒழுங்கா எடுக்கச் சொல்லி உங்க ஆபீசுக்கு ஒரு அர்ஜி போட்டுடறேன்."

ஆபீசுக்குப் புகார் மனு என்றதும் நிஜமாகவே பயந்துவிட்டேன். எல்லை விஷயத்தில் தலையிட்ட குமாஸ்தாவை எங்கள் ஆபீசில் ஜில்லாவின் கடைசி மூலைக்குத்தான் அனுப்புவார்கள். அந்த மூலையிலுள்ள ராமகுப்பத்தில் எனக்கு வீடு பார்த்துக் கொடுப்பதற்குக்கூட ஆள் கிடையாது.

"அர்ஜி எப்ப எழுதுவீங்க சார்?"

"சாயந்தரம் நீங்க தெருவுல இருந்தா எழுதித்தான் ஆவணும். எல்லாரும் கேப்பாங்க."

"இல்லன்னா?"

"ஊர்லியே இல்லாதவர் மேல எப்பிடி எழுதறது?"

வீட்டுக்கு ஓடினேன். சுலோசனா பஸ்ஸுக்குப் போகும் புடவையில் கையில் பூட்டோடு வாசலில் நின்றிருந்தாள்.

"இன்னாங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"ஒம்பதரை பஸ்ஸு போயிடுச்சா?"

"இன்னும் கால்மணி கீது. ஏன்?"

"நானும் வரேன்."

"அப்ப போட்டோ?"

"அங்கியும் கதவு, செவுரு எல்லாம் இருக்குதில்ல?" பஸ் நிலையம் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். "ஏன் சுலோ, உங்க ஊர்லியும் என்னத் தப்பா நெனச்சிட்டாங்கன்னா?"

"எங்க ஊர்ல எப்பிடி நெனப்பாங்க? நீங்க யாருன்னு அங்க எல்லாருக்கும் தெரியுமே."

"யாரு?"

"தண்ணி ஊத்துறவரு."

மாமனார் குடத்தோடு தயாராக இருந்தார். முதல் குடத்தைத் தூக்கும்போது கழுத்தில் தொங்கிய கேமரா மார்பில் இடித்தது.

"ரெண்டு கையிலயும் கொடத்த வச்சிக்கினு எத்தப் புடிப்பீங்க? குடுங்க இப்பிடி," என்று சுலோசனா அதைக் கழற்றிக்கொண்டாள். எந்தச் சாவியைத் திருப்புவது, எதை அழுத்துவது என்று நானேதான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு நன்றாக வேண்டும்.

வியாழக்கிழமை படங்கள் கழுவி வந்தன. என்னுடையவை நாலு. முதலாவதில் கோலம் மொத்தமும் மங்கல். இரண்டாவதில் சுருளைச் சுற்ற மறந்துபோய், கங்கம்மாளின் நல்வரவு மேலேயே ரங்கையாவின் தெலுங்குப் பலகையும் ஏறிவிட்டது. எல்லை தீர்க்க வந்தவர்கள் அதைப் பார்த்திருந்தால் வேலையே வேண்டாம் என்று ஊருக்குப் போயிருப்பார்கள். மூன்றாவது துளசித் தொட்டி, செடி இல்லாமல். நாலாவது, சாத்திய கதவு.

சுலோசனா எடுத்தவையும் நாலு. வரிசையாக மாங்கன்றுகள், மஞ்சள் பூசிய கதவு, கூரை மேல் பூசணிக்கொடி. கடைசியில், கால் கட்டைவிரலைச் சேற்றில் ஊன்றி, குடத்தைத் தூக்கிக்கொண்டு மேடேறும் நான். நாலும் கண்ணாடி போலத் தெளிவு. எனக்கு வயிறெரிந்தது.

நாகபூஷணம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து படங்களை வாங்கிப் பார்த்தார். என் குடத்துப் படத்தில் நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"கோவிச்சுக்காதீங்க. கங்கம்மாளும் ரங்கையாவும் நெஜமா நம்பிட்டாங்க. எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். சனிக்கெழம உங்க வீட்டம்மா வீடு வீடா போனாங்களே, தெரியாதா? அந்த அர்ஜிப் பேச்சுக்கு எனக்கு உங்க மாமனார் ஊர்லேர்ந்து ஒரு கூடை கத்திரிக்கா வந்துச்சு."

வேகமாக உள்ளே போனேன். அவள் குடத்துப் படத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"சுலோசனா, நான் எல்லை ஆபீசருன்னு தெருவெல்லாம் சொன்னியா?"

"நான் எங்க அப்பிடிச் சொன்னேன்? எங்க வூட்டுக்காரரு நாளைக்கிப் போட்டோ புடிக்க வருவாரு, அவரு எல்லை ஆபீசரு இல்லவே இல்ல, யாரும் அப்பிடி நெனச்சிக்காதீங்கன்னுதான் சொன்னேன். அவுங்களே நெனச்சிக்கினாங்க."

அவள் படத்தின் நாலு மூலையையும் அழுத்திவிட்டுத் திரும்பினாள்.

"வர ஞாயித்துக்கெழம எந்தத் தெருவுல புடிக்கப் போறீங்க? இப்பவே சொல்லிட்டீங்கன்னா அந்தத் தெருவுலயும் நீங்க எல்லை ஆபீசரு இல்லன்னு சொல்லிட்டு வந்துடுவேன்."

"பாலசமுத்திரத்துல," என்றேன்.