நகராட்சிக் காருக்குச் சென்சார் தேர்ந்தெடுத்த வரலாறு

தனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறிந்து நகர்பவனே பண்பட்ட மனிதன். இவ்வுயரிய நோக்கத்துடன்தான், மெக்சிகோவின் மலையடிவாரத்திலுள்ள எங்கள் ஊரில், படித்த பெரியவர் என்ற மரியாதையில் ஊரே 'லிசென்சியாதோ' என்றழைக்கும் நகராட்சி இயக்குநர் லெயோபார்தோவின் காருக்குப் பார்க்கிங் சென்சார் தேர்ந்தெடுக்க ஒரு குழு முறைப்படி நிறுவப்பட்டது.

உடனடிக் காரணம் தொமித்திலா. நகராட்சி வாசலில் தள்ளுவண்டியில் தமால் என்னும் சோளமாவுக் கொழுக்கட்டை விற்பவள். இயக்குநர் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் அவள் வண்டி அடிபட்டது. அவளுடைய கடை உரிமம் இயக்குநரின் கையெழுத்தால் மட்டுமே உயிர்வாழ்வதால், மிகுந்த பணிவோடு முறையிட்டாள்.

விற்பனையாளர் அபுந்தியோ முதல் கருவியைப் பொருத்திக் காட்டினார். இயக்குநர் காரைப் பின்னால் நகர்த்தியதும் அது "பீப், பீப்" என்று அலறியது.

"என்னய்யா இது, என்னைப் பார்த்துக் கத்துது?"

"பின்னால வண்டி நிக்குது லிசென்சியாதோ. நிறுத்தச் சொல்லுது."

"நிறுத்தவா? இந்த ஊர்ல எவனாச்சும் என்னை நிறுத்தச் சொல்லியிருக்கானா?"

குழு ஆராய்ந்தது. எவரும் சொன்னதில்லை என்பது ஐயமற நிறுவப்பட்டது. தெருவில் சிவப்புத் துணியை ஆட்டிக் கார்களுக்கு இடம் காட்டுவோர்கூட "வாங்க, வாங்க, இன்னும் வாங்க" என்றுதான் கூவுவர். இடித்த பிறகே துணியை மடிப்பர். அதற்கும் சில்லறை பெறுவர். எனவே மரபுக்கு முரணான ஓசை நிராகரிக்கப்பட்டது. அடுத்த கருவி திரையில் நீலக் கோடு காட்டியது. எதிர்க்கட்சிக் கொடியின் நிறம் என்பதால் அதுவும் தள்ளுபடியாயிற்று.

"பேசுற கருவி ஒண்ணு இருக்கு," என்று இழுத்தார் அபுந்தியோ. "என்ன சொல்லணுமோ சொல்லும்."

"அப்ப நம்ம துணிக்காரங்க மாதிரி மரியாதையாப் பேசச் சொல்லு."

"தூரத்தையும் கொஞ்சம் பார்த்துத்தானே..."

"தூரத்தை நான் பார்த்துக்கறேன். நீ மரியாதையைப் பாரு!"

அன்பர்களே, எச்சரிக்கும் கருவியை எந்தப் பட்டறையிலும் பொருத்திக்கொள்ளலாம். எச்சரிக்கையைத் தாங்கும் நெஞ்சைப் பொருத்தித் தரும் பட்டறை இன்னும் திறக்கப்படவில்லை.

தொடக்க விழாவுக்கு ஊரே திரண்டு, தொமித்திலாவின் தமாலைச் சுவைத்தபடி நின்றது. மேளதாளம் முழங்கியது. "வாங்க லிசென்சியாதோ, தாராளமா வாங்க," என்று கருவி தேன்குரலில் அழைத்தது. கார் வந்தது.

"ஐயா, அடுப்பு எரியுது..." என்று தொடங்கிய தொமித்திலா, பாதியில் துள்ளி விலகினாள். வண்டி சுவரோடு சுவராயிற்று. தமால்கள் ஆவி பறக்கத் தெருவில் உருண்டன.

இயக்குநர் இறங்கிச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"எப்படி நிறுத்தியிருக்கேன்?"

வாய் நிறைய தமாலோடு அனைவரும் தொமித்திலாவைப் பார்த்தோம். அவளாவது உண்மையைச் சொல்லிவிடட்டும் என்று மனமாரப் பிரார்த்தித்தோம்.

அது உரிமம் புதுப்பிக்கும் வாரம். அவள் குனிந்து, நம்பர் பிளேட்டில் அப்பியிருந்த சோளமாவைத் துடைத்தாள்.

"நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்குங்க, லிசென்சியாதோ."

நிம்மதியாகக் கைதட்டினோம். பிறகு, அவளுக்கு முதுகெலும்பில்லை என்று பேசிக்கொண்டே வீடு திரும்பினோம்.