இடது கைக்கு ஆறு குண்டு

வலது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, இடது கையால் முட்டையைத் திருப்பிப் போட முயன்றார் வேலண்ட் டட்டில். முதல் முட்டை அடுப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இரண்டாவது தரையில் விழுந்தது. மூன்றாவதை மனைவி ஆர்லீன் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"ஏன்யா, நல்லா இருக்கிற கைக்கு எதுக்குக் கட்டு?"

"வலது கை சும்மா கிடந்தாத்தான் இடது கைக்குப் புத்தி வரும்."

"அது வர்றதுக்குள்ள வீட்ல முட்டை தீர்ந்துடும்."

சிரிக்கிற விஷயமா இது? மில்பர்ன் கவுண்டியில் இருபத்துமூன்று வருஷமாக ஷெரிஃபுக்குக் கீழே டெபுடி போலீஸ்காரராக இருப்பவர் வேலண்ட். வருஷத்துக்கு ஒரு தடவை டெபுடிகள் எல்லாரும் துப்பாக்கிச் சோதனையில் தேறியாக வேண்டும். முதலில் இரண்டு கையாலும் பிடித்து, பிறகு வலது கையால் மட்டும், கடைசியில், இரண்டு வருஷமாகப் புதிதாகச் சேர்த்தது, இடது கையால் மட்டும். இடது கைக்கு ஆறு குண்டு, அதில் குறைந்தது நாலு, எதிரே அவரவருக்கு மாட்டிய குறித்தாளில் பட வேண்டும். போன வருஷம் வேலண்டின் தாளில் ஒன்றுகூடப் படவில்லை. அதற்கு முந்தின வருஷமும் அதே கதை. இந்த முறையும் கோட்டைவிட்டால் பேட்ஜையும் துப்பாக்கியையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சோதனைக்கு மூன்று வாரம் இருந்தது.

கவுண்டி போலீஸுக்குத் தலைவரான ஷெரிஃப் ராய்ஸ் ஸ்ட்ரௌடுக்கு அந்தக் கவலை கிடையாது. நவம்பரில் தேர்தல். ஓட்டு வாங்கித்தான் அந்த நாற்காலியில் உட்கார முடியும் என்பதால், முக்குக்கு முக்கு அவர் படம் நின்றது, கீழே 'இரண்டு கையும் குறி தவறாது' என்ற வாசகத்தோடு. வெறும் ஜம்பம் என்று தள்ளவும் முடியாது. இரண்டு வருஷமாக வேலண்டுக்குப் பக்கத்திலேயே நின்று இடது கையால் ஆறுக்கு ஆறு போட்டவர். போட்டுவிட்டு, என்னைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று தோளில் தட்டிவிட்டு வேறு போவார். அந்தத் தட்டுதான் வேலண்டுக்கு ஆறவே இல்லை.

மச்சானுடைய கல்குழியில் பலகை போட்டு, காலி டப்பாக்களை அடுக்கி வைத்துத் தினமும் சுட்டார். பீச் டப்பாவைக் குறிபார்த்தால் பக்கத்திலிருந்த பீன்ஸ் டப்பா விழுந்தது. வெறுத்துப்போய்க் கடைத்தெருவுக்குப் போனவர், இடது கையால் தூக்கிய பால் கேனைக் காலில் போட்டுக்கொண்டார். சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்தும் மிஸஸ் பிக்கெட் ஓடிவந்து, கைக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். சுடத் தெரியாத போலீஸ்காரன் பழகுகிறான் என்று எந்த வாயால் சொல்வது? ஏணியிலிருந்து விழுந்துவிட்டேன் என்றார்.

அந்த ஊரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் சர்ச்சுப் பெண்கள் புத்திமதி சொல்ல மாட்டார்கள், சமைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அன்று சாயங்காலமே சீஸ் போட்ட மக்ரோனி ஒரு தட்டு வந்தது. மறுநாள் டூனா மீனும் நூடுல்ஸும் சேர்த்துச் சுட்டது நாலு தட்டு. வெள்ளிக்கிழமைக்குள் பதினோரு தட்டு. ஒவ்வொரு தடவையும் வேலண்ட் கட்டோடு வாசலுக்கு வந்து, முகத்தைச் சுளித்து, முனகி, நன்றி சொல்ல வேண்டியிருந்தது. ஆர்லீன் பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பொய்யைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தட்டு வருவது நிற்கட்டும் என்று, கை கொஞ்சம் தேவலை என்று சொல்லிவைத்தார். அதுதான் வம்பாகப் போயிற்று. தங்கள் ஜெபம் பலித்துவிட்டது என்று முடிவுகட்டிய மிஸஸ் பிக்கெட், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவரை எழுப்பி நிறுத்தி சாட்சி சொல்ல வைத்தாள். சபையே அழுதது. இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த ஷெரிஃப் மட்டும் அழவில்லை.

திங்கட்கிழமை கூப்பிட்டு அனுப்பினார்.

"கை உடைஞ்சவன் எப்படிய்யா சோதனைக்கு வருவே? டாக்டர் கடிதாசி கொண்டா. இல்லேன்னா தோத்ததா எழுதிடுவேன்."

வேலண்ட் அந்த இடத்திலேயே கட்டை அவிழ்த்து, கையை நாலு சுற்றுச் சுற்றிக் காட்டினார். ஷெரிஃப் திகைத்துப்போனார். ஊர் அதைவிடத் திகைத்தது. ஏணியிலிருந்து விழுந்த கை பத்து நாளில் குணமாகிவிட்டது என்று செய்தி பரவி, குணமான கை சுடுவதைப் பார்க்க சர்ச்சே வரப்போகிறது என்றாகிவிட்டது. கூட்டம் என்றதும் ஷெரிஃப் கடுப்பை மறந்து, பத்திரிகைக்காரரையும் வரச்சொன்னார். இனி தோற்றால் வேலண்டின் வேலை மட்டுமல்ல, ஆண்டவரின் பேரும் சேர்ந்து போகும்.

பயம் வந்தால்தான் சிலருக்குக் கண் திறக்கிறது. கல்குழியில் நின்று யோசித்தபோதுதான், இத்தனை நாளும் வலது காலை முன்வைத்துக்கொண்டே இடது கையால் சுட்டது தெரிந்தது. இடது காலை முன்னால் வைத்து, வலது முஷ்டியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு சுட்டார். பீச் டப்பா விழுந்தது. பலகையில் இருந்த எல்லாம் விழுந்தன. அவருக்கே நம்பிக்கை வராமல் மறுபடி அடுக்கிவைத்துச் சுட்டுப் பார்த்தார்.

சோதனை நாளன்று சர்ச்சுப் பெண்கள் மடக்கு நாற்காலிகளோடு வந்திருந்தார்கள். இரண்டு கைச் சுற்றும் வலது கைச் சுற்றும் முடிந்தன. தாள் மாட்டி ஓட்டை எண்ணுவது கவுண்டி ஆபீஸ் வெர்னாவின் வேலை, வருஷா வருஷம் அவள்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் புதுத் தாள் மாட்டுவாள், பென்சிலால் எண்ணிப் பதிவேட்டில் எழுதுவாள், வாயைத் திறக்க மாட்டாள்.

இடது கைச் சுற்று. விசில் ஒலித்தது. வேலண்டும் ஷெரிஃபும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆளுக்கு ஆறு சுட்டார்கள்.

வெர்னா வேலண்டின் தாளை எண்ணினாள்.

"ஆறு."

பெண்கள் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னார்கள். வெர்னா ஷெரிஃபின் தாளுக்கு நகர்ந்தாள். எண்ணவில்லை. தாளைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். கொசு கடித்த அளவுக்குக்கூட ஓட்டை இல்லை.

ஷெரிஃப் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இதுல என்ன இருக்கு? வெயில்ல கண்ணு கூசிச்சு, என் குண்டு அவன் தாளுக்குப் போயிடுச்சு. அந்த ஆறும் என்னுது. இவனுக்குத்தான் எந்த வருஷமும் ஒண்ணுகூடப் படாதே."

யாருடைய குண்டு என்று எந்தத் தாள் சாட்சி சொல்லும்? மூன்று வாரப் பாடும் போயிற்று, பேட்ஜும் போயிற்று என்று நின்றார் வேலண்ட். வெர்னா இரண்டு புதுத் தாள்களை எடுத்து மாட்டினாள். ஒவ்வொருவராகச் சுடச் சொன்னாள்.

வேலண்ட் முதலில் சுட்டார். ஆறும் அவருடைய தாளில் இருந்தன.

பிறகு ஷெரிஃப் இடது கையை நீட்டினார். முதல் குண்டு பின்னாலிருந்த மண்மேட்டின் உச்சியில் புழுதியைக் கிளப்பியது. இரண்டாவது மேட்டின் அடியில். மிச்ச நாலும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு தாளிலும் புதிதாக ஓர் ஓட்டைகூட விழவில்லை. பத்திரிகைக்காரர் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார்.

வெர்னா பதிவேட்டில் போன வருஷப் பக்கத்தைத் திருப்பினாள். வேலண்ட் பூஜ்யம், ஷெரிஃப் ஆறு. அதற்கு முந்தின வருஷத்தைப் பார்த்தாள். வேலண்ட் பூஜ்யம், ஷெரிஃப் ஆறு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டாள்.

"அப்போ ரெண்டு வருஷமா ஷெரிஃபுக்காகச் சுட்டுக் குடுத்தது நீங்கதானா, வேலண்ட்?"