எஃப்.ஐ.ஆர். மாமியின் அக்காரவடிசல்

பெருமாளே பள்ளிகொண்டிருக்கிற ஸ்ரீரங்கத்தில், கண்ணே அசராத ஜீவன் ஒன்று உண்டென்றால் அது எங்கள் எஃப்.ஐ.ஆர். மாமிதான். தெருவுக்கு நாலு கேமரா வைத்தாலும் ஏதாவது தப்பும். ரெண்டாவது மாடி பால்கனியில் நிற்கிற மாமியிடம் ஒன்றும் தப்பாது. சொந்தப் பெயர் என்னவோ, சத்தியமாக எனக்குத் தெரியாது.

தில்லை நகருக்கு வீடு மாறி வருவதற்கு முன்னால் அதே அபார்ட்மென்ட்டில் மாமிக்கு எதிர் வீட்டில் குடியிருந்தேன். குடியிருந்தேன் என்பதைவிடக் கண்காணிப்பில் இருந்தேன் என்று சொல்லலாம். காலையில் மற்ற வீடுகளில் சுப்ரபாதம் கேட்கும். மாமி வீட்டுச் சமையலறையில் செல்போன் அலறும்: "கதவை உடைத்துப் பார்த்த போலீசார் அதிர்ச்சியில் உறைந்தனர்!" மாமி அதைக் கேட்டுக்கொண்டே வாழைத்தண்டு நறுக்குவார். பல வருஷமாகத் துப்புத் துலங்காத கொலை என்றால் போச்சு, அன்றைக்கு மாமாவுக்குச் சாத்துமது, அதாவது ரசம், கிடையாது. மாமா திருவெறும்பூரில் ஃபாக்டரி வேலை பார்த்து ரிடையர் ஆனவர், பாவம். வாயே திறக்கமாட்டார். கேட்டால், "நாம பேசறது நமக்கே எதிரா சாட்சியா வந்துடும் சார்" என்று காதோடு சொல்வார்.

ஒருநாள் கீழ்வீட்டு வாசலில் பால் பாக்கெட் காணாமல் போனது. மாமி இறங்கி வந்து, பாக்கெட் இருந்த இடத்தைச் சுற்றிக் கோலமாவால் கோடு போட்டுவிட்டார்.

"யாரும் மிதிக்கப்படாது! தடயம் அழிஞ்சுடும்."

சாயங்காலம் வரை எல்லாரும் அந்தக் கோட்டைத் தாண்டித் தாண்டிப் போனோம். கடைசியில் ஒரு பூனை மீசையை நக்கிக்கொண்டே வந்து கோட்டுக்குள் சொகுசாகப் படுத்துக்கொண்டது. "பார்த்தேளா? குத்தம் பண்ணவன் அதே இடத்துக்குத் திரும்பி வருவான்!" என்றார் மாமி.

என்னை மட்டும் விட்டாரா? திருப்பதி போவதற்காக ஒரு பெரிய சூட்கேஸும் நைலான் கயிறும் வாங்கி வந்தேன். அந்த நேரம் பார்த்தா என் மனைவி துவாக்குடியில் அம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்?

"ரெண்டு நாளா உங்காத்துக்காரியைக் காணோமே சார்?"

"அம்மா வீட்டுக்குப் போயிருக்கா மாமி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வா."

கொஞ்ச நேரத்தில் மனைவி போன் செய்தாள். "எதிர்வீட்டு மாமி கூப்பிட்டு 'நீ உயிரோடதானே இருக்கே?'ன்னு கேக்கறாங்க. என்னங்க பண்ணி வச்சீங்க?"

இப்படி ஊரையே சந்தேகப்பட்ட மாமிக்கு, நிஜமான கேஸ் ஒன்று எங்கள் வாசலிலேயே இருந்தது. வேப்பமரத்தடியில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிற செல்வியின் அண்ணன் ஆட்டோ ஓட்டினவர். பல வருஷம் முன்னால் சவாரிக்குப் போனவர், கொள்ளிடக்கரையில் பிணமாகக் கிடந்தார். செய்தது யாரென்று தெரியவே இல்லை. செல்வியை வளர்த்துக் கட்டிக்கொடுத்ததே அந்த அண்ணன்தான்.

"அவன் யாருன்னு தெரியணும், உள்ள போகணும். அது போதும் மாமி. ரோட்டுல போற ஒவ்வொருத்தனையும் இவனா இருக்குமோன்னு பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு" என்றாள் செல்வி.

"இனிமே நீ யாரையும் சந்தேகப்படாதே. அந்த வேலையை நான் பார்த்துக்கறேன்" என்றார் மாமி.

அன்றிலிருந்து வாராவாரம் செல்வியையும், டிபன் பாக்ஸில் தயிர்சாதத்தையும் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் படையெடுத்தார். "எங்க கேஸ் என்னாச்சு?" இன்ஸ்பெக்டர்கள் மாறினார்கள், மாமி மாறவில்லை. புதுசாக வருகிறவரிடம் ஸ்டேஷன் சாவியோடு மாமியையும் ஒப்படைத்தார்கள் என்று கேள்வி. மாமி கொடுத்த துப்பு அத்தனையும் தப்பு. காஸ் சிலிண்டர்காரர், அபார்ட்மென்ட் செகரெட்டரி, யாரும் தப்பவில்லை. "அந்த வருஷம் பார்த்து செகரெட்டரி ஏன் மீசையை எடுத்தார்?" என்று கேட்டால் போலீஸ்தான் என்ன செய்யும்?

நடுவில் இன்னொரு கதை. மார்கழி நோன்பு இருந்தவர்கள் பாலும் நெய்யுமாகச் சாப்பிடுகிற கூடாரவல்லி அன்று, மாமி வீட்டு அக்காரவடிசல் எல்லா வீட்டுக்கும் வரும். நெய் சொட்டும், பால் மணக்கும். வெல்லத்தை மட்டும் தேட வேண்டும். என் மனைவி பக்குவமாக ஆரம்பித்தாள்.

"மாமி, நீங்க சாப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"நான் எங்கேடி பார்க்கறது? காசிக்குப் போனவா ஒரு காயை விடறாளோல்லியோ, அது மாதிரி இதை விட்டுட்டேன். செல்வி கேஸ்ல தீர்ப்பு வர வரைக்கும் நாக்குல வைக்கமாட்டேன்னு தாயார் சன்னதியில வேண்டிண்டாச்சு. ஏன், நன்னா இல்லையா?"

"ஐயோ, தேவாமிர்தம் மாமி!"

அன்றைக்கு மொத்த அபார்ட்மென்ட்டும் கூட்டுச்சதியில் இறங்கியது, மாமா உட்பட. எந்த மகராசனுக்கு அதற்கப்புறம் குறை சொல்ல வாய் வரும்? ருசி பார்க்காத கை வருஷா வருஷம் வெல்லத்தைக் குறைத்துக்கொண்டே போனது. நாங்களும் "பேஷ், பேஷ்" என்று விழுங்கிக்கொண்டே இருந்தோம்.

ஒருவழியாக விடிந்தது. புதுசாக வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர், அந்த ஆட்டோவில் எடுத்திருந்த கைரேகையை மறுபடி ஒப்பிடச் சொன்னார். வெளியூரில் வழிப்பறியில் மாட்டின ஒருத்தனோடு அது பொருந்திவிட்டது. ஊரில் மாமி சந்தேகப்படாமல் விட்டுவைத்த ஒரே ஆள் அவனாகத்தான் இருக்கும். "வாராவாரம் ஒரு அம்மா தயிர்சாதத்தோட வந்து உட்கார்ந்தா எந்த ஃபைல் சார் தூங்கும்?" என்றாராம் இன்ஸ்பெக்டர்.

அப்புறம் கோர்ட். வாய்தா மேல் வாய்தா. வக்கீல் வந்தால் சாட்சி வரமாட்டார். ரெண்டு பேரும் வந்தால் ஜட்ஜ் லீவு. ஒவ்வொரு தடவையும் செல்வி வண்டியை மூடிவிட்டுப் போவாள், கூடவே மாமி. "போன்ல வர்ற கதையிலெல்லாம் விளம்பரம் முடிஞ்ச உடனே தீர்ப்பு வந்துடறதே" என்று மாமிக்கு ஆற்றாமை.

கடைசியில் ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது நல்ல ஆனி மாசத்தில். செல்வி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அண்ணன் பேரைச் சொல்லி அழுது தீர்த்தாள். மாமி மேலே ஓடி வெண்கலப் பானையை அடுப்பில் ஏற்றினார். நெய் வாசனை மூக்கில் ஏறியதும் செகரெட்டரி வந்தார்.

"மாமி, கூடாரவல்லி மார்கழிலதானே வரும்? இது ஆனி!"

"தீர்ப்பு மட்டும் வர வேண்டிய காலத்துலயா வந்தது? பேசாம தொன்னையை எடுங்கோ."

பெருமாளுக்கு நைவேத்தியமாகக் கண்டருளப் பண்ணிவிட்டுப் பானையோடு கீழே இறங்கி வந்தார். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் வாயைக் கையில் எடுத்து, "நீங்க முதல்ல மாமி" என்று நீட்டினாள். மடி, பத்து, எச்சில் என்று பொழுதுக்கும் எங்களை விரட்டுகிற மாமி, குழந்தை மாதிரி வாயைத் திறந்தார். எங்கள் ஒருத்தர் கண்ணும் காயவில்லை. எனக்கும்தான், சொன்னால் என்ன?

அப்போது மாமியின் முகம் மாறியது.

"ஏண்டி செல்வி, வெல்லமே இல்லையே?"

எல்லாரும் அவரவர் தொன்னைக்குள் குனிந்துகொண்டோம். மாமி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இத்தனை வருஷமாவா? அத்தனை பேருமா?"

மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "குத்தத்தை ஒத்துக்கறேன்."

இப்போது தில்லை நகரில் எந்த விசேஷத்தில் அக்காரவடிசல் போட்டாலும் எனக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. எல்லாரும் வெல்லத்தை அள்ளிக் கொட்டிவிடுகிறார்கள்.