சீனச் சக்கரவர்த்தியின் அஞ்சலியுரை

செத்தவீட்டுக்கு வராதவனை எங்கள் சனம் எப்படியோ மன்னித்துவிடும். வந்த கோலம் சரியில்லாதவனை ஒருநாளும் மன்னிக்காது. ஒரே செத்தவீட்டில் இரண்டு குற்றத்தையும் செய்தவன் நான்.

நானும் மனைவி வதனியும் சீனாவின் பழைய தலைநகரான ஷியானைப் பார்க்கப் போயிருந்தோம். போய் இறங்கிய மறுநாளே ரொறன்ரோவிலிருந்து செய்தி வந்தது. அத்தான், என் அக்காவின் கணவர், மாரடைப்பில் போய்விட்டார். என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர், ரெக்ஸ்டேலில் தன் வீட்டு பேஸ்மென்டில் வைத்துச் சோறு போட்டவர், முதல் பனிக்காலத்துக்குக் காலில் போடச் சப்பாத்து வாங்கித் தந்தவர். உடனே திரும்ப விமானத்தில் இடம் கிடைக்கவில்லை.

"நீ வராட்டிலும் பரவாயில்லையடா," என்றாள் அக்கா தொலைபேசியில். "வீடியோவில வந்து ரெண்டு வார்த்தை கதை. உன்னைத் தன்ர தம்பி எண்டுதான் அவர் எல்லாருக்கும் சொல்லுறவர்."

உடலைப் பார்வைக்கு வைக்கும் மாலையில், எட்டு மணிக்கு என் பேச்சு. ஷியானில் அப்போது காலை எட்டு. அதே காலை ஏழு மணிக்கு, நகர மதிலின் மேல் அரச உடுப்பில் படமெடுக்க முன்பே ஒழுங்கு செய்திருந்தோம். (அங்கே போகிற எல்லாரும் செய்வதுதான், நம்புங்கள்.)

"உங்களுக்கென்ன விசரே? செத்தவீட்டு நாளில வேசம் போடப்போறியளோ?" என்றாள் வதனி.

"எங்கட ஆக்கள் எட்டு மணி எண்டால் ஒன்பதரைக்குத்தான் மைக்கையே தட்டிப் பாப்பினம். அதுக்குள்ள கழட்டிப்போடுவன்."

கலியாணம், அரங்கேற்றம், கோயில் கூட்டம் எதிலும் இந்தக் கணக்குப் பிழைத்ததில்லை. மண்டபத்தை நேரத்துக்குப் பூட்டிவிடுவார்கள் என்பதால் செத்தவீடு மட்டும் அவசர அவசரமாக நடக்கும் என்பது என் மரமண்டையில் ஏறவில்லை.

வதனி உடுப்பு மாற்றவில்லை. பேச்சுக்கு நான் போடவேண்டிய வெள்ளைச் சேட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தூறலில் குடை பிடித்தபடி தள்ளி நின்றாள். எனக்கு மஞ்சள் அங்கி, முழங்கால்வரை தொங்கும் அதன் கைகள், பசையால் ஒட்டிய தாடி, முகத்துக்கு முன்னால் மணிச்சரங்கள் ஆடும் கிரீடம். மதில் விளிம்பில் சாத்தி வைத்திருந்த கைப்பேசி அப்போது அடித்தது. ஏழரைகூட ஆகவில்லை. அழைப்பை நிறுத்த அங்கிக் கையால் தடவினேன். அழைப்பு எடுபட்டு வீடியோ திறந்துவிட்டது.

"மாமா, எல்லாம் ஏர்லியாப் போகுது, நெக்ஸ்ட் நீங்கதான்..." என்று தொடங்கிய அக்காவின் மகன் அகிலன், "ஓ மை கோட்," என்று முடித்தான். அவனுக்குப் பின்னால் பெட்டி தெரிந்தது. மண்டபத்தின் பெரிய திரையில் நானும் தெரிந்தேன்.

கமராவை நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். அந்த அங்கிக் கைகளுக்குள் நான் என் விரல்களைத் தேடிக்கொண்டிருந்தேன். முன்வரிசையிலிருந்து அக்கா என்னையே பார்த்தாள். இனி ஓடினால் அத்தானுக்கு நான் சொல்லவேண்டியதைச் சொல்ல வேறு நாள் இல்லை. பேசினேன். சப்பாத்துக் கதையில் அழுகை வந்துவிட்டது. தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. மணிச்சரங்கள் கலகலத்தன. மண்டபத்தில் யாரோ இருமினார்கள், பிறகு பலர் இருமினார்கள். அக்கா அசையவில்லை.

அந்த நகரத்தில் பிறகு என்ன பார்த்தாய் என்று கேட்காதீர்கள். ஹோட்டல் சுவரைப் பார்த்தேன். ரொறன்ரோ திரும்பி அக்கா வீட்டுக்குப் போனால், அகிலனிடம் தேத்தண்ணி கொடுத்து விடுவாள், வாய் திறக்கமாட்டாள். ஊர் சிரித்ததைத் தாங்கிக்கொண்டேன். அவள் பேசாமல் இருந்ததைத் தாங்க முடியவில்லை.

ஆண்டுத் திவசத்தன்று பந்தியின் கடைசியில் தலைகுனிந்து இருந்தேன். பரிமாறிக்கொண்டு என்னைக் கடந்துபோன அகிலனை அக்காவின் குரல் நிறுத்தியது.

"தம்பி, சக்கரவர்த்திக்கு இன்னும் கொஞ்சம் பாயாசம் விடு. விட்டதில பாதி தாடிக்குள்ள போயிருக்கும்."

முழுப் பந்தியும் சிரித்தது. அவளும் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். "அவர் இருந்திருந்தால் இதை வைச்சே உன்னை ஒரு வழி பண்ணியிருப்பார்," என்றாள்.

அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் "சக்கரவர்த்திக்குப் பாயாசம்!" என்று யாராவது கத்துகிறார்கள். எனக்குச் சலரோகம், டொக்டர் இனிப்பைத் தொடவே கூடாது என்கிறார். அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாள். குடித்துவிடுகிறேன்.