பெரியவர் பின்னேரம் வருவார்

"எல்லாம் சரி. அங்க கக்கூசு இரிக்கா?" என்று கேட்டாள் றஹ்மா.

மேசையில் விரித்திருந்த வரைபடத்திலிருந்து மஹ்ரூப் தலையை நிமிர்த்தவில்லை. கந்தளாய்க் குளம், மின்னேரியாக் குளம், பராக்கிரம சமுத்திரம் என்று மூன்றையும் சிவப்புப் பேனையால் கோடு போட்டு இணைத்திருந்தார். கரைக்கு ஓர் இரவு, கூடாரத்தில் படுக்கை, மரத்தடியில் சமையல். அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனம் நிறைந்தது. கக்கூசைப் பற்றி மட்டும் அவர் யோசிக்கவே இல்லை.

"குளக்கரை தானே, எல்லாம் திறந்த வெளி" என்றார் மெதுவாக.

"அப்ப நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நானும் ரெண்டு பொம்புளப் புள்ளைகளும் இஞ்சயே இரிக்கம்."

மஹ்ரூப் திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வீடு கிண்ணியாவில். வீட்டைச் சுற்றியும் தண்ணீர், வேலை செய்கிற இடத்தைச் சுற்றியும் தண்ணீர், எல்லாம் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். பிள்ளைகளை ஒரு முறையாவது நல்ல தண்ணீர்க் கரையில் கூடாரம் போட்டுப் படுக்க வைக்க வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை. ஒரு முறை கப்பல் வந்து கெடுத்தது. இன்னொரு முறை றஹ்மாவின் தங்கை, சொன்ன தேதிக்கு முந்திப் பிள்ளை பெற்றுக் கெடுத்தாள்.

இப்போது மூத்தவள் சனூஸாவுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அடுத்த மாதம் போய்விடுவாள். இந்த முறையும் தவறினால், இனி நாலு பேரும் ஒன்றாக ஒரு வாகனத்தில் ஏறுவது அவளுடைய கலியாணத்துக்காகத்தான் இருக்கும்.  எனவே மஹ்ரூப், கக்கூசு இருந்தால் போவது, இல்லாவிட்டால் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துப் போவது என்று முடிவு செய்துவிட்டார்.

அதற்கு வழி மறுநாளே கிடைத்தது. கிரேனுக்குக் கீழே நின்று சாமான் இறக்க வழி சொல்கிற தர்சன் என்ற பொடியன் கந்தளாய்க்காரன், மஹ்ரூப்பை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிறவன். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். ஆனால் குளத்தோரத்தில் அவனுக்குக் காணி இருப்பது துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் அதைப் பற்றித்தான் அவன் நாள் முழுக்கக் கதைப்பான். மஹ்ரூப் மேலே இருந்தபடியே வோக்கிடோக்கியை எடுத்தார்.

"தம்பி, உங்கட காணியில கக்கூசு இரிக்கா? ஓவர்."

துறைமுகம் முழுக்க ஒரே அலைவரிசை. எங்கேயோ யாரோ சிரித்தார்கள்.

"இருக்கு நானா. கிணறும் இருக்கு. நீங்கள் தாராளமா வந்து நில்லுங்கோ. நான் அண்டைக்கு இரவு டியூட்டி பாத்திட்டு அடுத்த நாள் விடிய வந்து சந்திக்கிறன். ஓவர்."

"கரச்சல் ஒண்டும் இல்லையே? ஓவர்."

"ஒரு கரச்சலும் இல்ல. பின்னேரம் பெரியவர் வருவார், அவ்வளவுதான். ஓவர்."

மஹ்ரூப் வெற்றியோடு வீட்டுக்குப் போனார். கக்கூசு, கிணறு, நிழல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போய், கடைசியில் அந்தப் பெரியவரையும் சேர்த்துச் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

சனூஸா சோற்றுக் கோப்பையிலிருந்து கையை எடுத்தாள். "வாப்பா, காட்டுப் பக்கத்து ஆக்கள் ஆனைய ஆனை எண்டு சொல்ல மாட்டாங்க. பேரச் சொன்னா வந்திரும் எண்டு பயம். பெரியவர் எண்டுதான் மரியாதையாச் சொல்லுவாங்க."

"ஆனையா?" என்றாள் சின்னவள் றுஷ்தா, மிகுந்த சந்தோசத்தோடு.

"பேரச் சொல்லாத எண்டுதானே அவ இப்ப சொன்னா" என்று அதட்டினாள் றஹ்மா. பிறகு கணவனைப் பார்த்தாள். "கக்கூசுக்கு இடம் கேட்டா நீங்க ஆனைக்கு நடுவுல இடம் பாத்திட்டு வந்திரிக்கீங்க."

"நாளைக்கு வடிவாக் கேட்டுச் சொல்றன்" என்றார் மஹ்ரூப்.

கேட்பதில்தான் சிக்கல் இருந்தது. நேரடியாக யானையா என்று கேட்டால், யானைக்குப் பயந்தவன் என்ற கதை துறைமுகம் முழுக்கப் பரவும். நாற்பது அடி உயரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அது அழகல்ல. ஆகவே சுற்றி வளைத்துக் கேட்டார்.

"தம்பி, அந்தப் பெரியவர் கரச்சலான ஆளா? ஓவர்."

"சாதுவான ஆள் நானா. புது ஆக்களக் கண்டா மட்டும் கிட்ட வந்து நிண்டு பாப்பார். ஓவர்."

"கூட்டமா வருவாரா?"

"முந்தி கூட்டமாத்தான் திரிஞ்சவர். இப்ப கொஞ்ச வருசமாத் தனிச்சிட்டார்."

மஹ்ரூப் வோக்கிடோக்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டு போனார். தந்தம் என்று சொல்ல முடியாது. "பல்லு? பல்லு இரிக்கா?"

"ரெண்டு பல்லு மட்டும் இருக்கு நானா. ஓவர்."

இடையில் புகுந்தது இன்னொரு கிரேன்காரனின் குரல். "ஆருக்கு மாப்பிள பாக்கிறீங்க? ஓவர்."

மஹ்ரூப் அதைக் காதில் வாங்கவில்லை. கேட்க வேண்டியதில் முக்கியமானது இன்னும் மிச்சம் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, குறை நினைக்க வேணாம். அவருக்கு இந்த மதம், அது இது எண்டு ஏதும்?"

 "மதமெல்லாம் அவரிட்டக் கிடையாது நானா" என்றான் தர்சன். குரலில் சின்ன மனத்தாங்கல் தெரிந்தது. "அப்பிடி நீங்கள் நினைச்சிருக்கக் கூடாது."

"சரி, சரி. என்ன சாப்பிடுவார்?"

"வாழைப்பழம் எண்டா உசிர். ஒரு சீப்பக் காட்டினா உங்கள விட்டு அசைய மாட்டார். ஓவர்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மஹ்ரூப் செய்தியைக் குறைத்துச் சொல்லப் பார்த்தார். மதம் இல்லை என்பதை உரத்தும், தனிச்சுத் திரிகிறார் என்பதை மெதுவாகவும் சொன்னார். றஹ்மாவின் காது மெதுவாகச் சொன்னதைத்தான் பிடித்தது.

"தனிச்ச ஆனைதான் ஆகப் பொல்லாதது. அதுவும் ரெண்டு கொம்போட. போகேலாது. இதுக்கு மேல கதை இல்ல."

சனூஸா எழுந்தாள். அறைக்குள் போய், பயணப் பையில் மடித்து வைத்திருந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரிக்குள் திரும்ப வைத்தாள். கோபித்துக்கொண்டு கதவை அடித்திருந்தால் மஹ்ரூப் தாங்கியிருப்பார். அவள் அவ்வளவு ஒழுங்காக அடுக்கியதைத்தான் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"போறம்" என்றார். "ஆனை வந்தாலும் போறம், ஆனைட வாப்பா வந்தாலும் போறம்."

தோப்பூரில் வயல் செய்கிற மைத்துனன், றஹ்மாவின் தம்பி றுவைஸைக் கூப்பிட்டார். யானைகளோடு ஒவ்வொரு போகமும் மல்லுக்கட்டுகிறவன். மறுநாள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"பயப்பட ஒண்டுமில்ல லாத்தா. வாழைப்பழத்தக் கண்ணில காட்டாதீங்க."

றஹ்மா பெட்டியிலிருந்த வாழைப்பழச் சீப்பை வெளியே எடுத்து வைத்தாள்.

"உப்பும் ஆகாது. உப்பு மணத்துக்குக் குசினியையே உடைக்கும்."

உப்புப் போத்தலும் வெளியே வந்தது. அதோடு நிற்கவில்லை றஹ்மா. செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்கிற பெண் அவள். பயணத்துக்கான பொரித்த மீன், கட்டுச் சோறு, சம்பல் எல்லாவற்றையும் உப்பில்லாமல் செய்து முடித்தாள். ருசி பார்த்த றுஷ்தாவின் முகம் கோணியது.

"இது எனக்கு வேணாம் உம்மா."

"உனக்கே வேணாமெண்டா ஆனைக்கும் வேணாம். அதுதான் நல்லது."

போகுமுன் கடைசியாக றுவைஸ் ஒரு பொதியை அவிழ்த்தான். உள்ளே தடித்த பெரிய வெடிகள், யானை விரட்ட வயல்காரர் வைத்திருப்பவை. "மச்சான், உருவம் கண்டா ஆகாயத்தப் பாத்து ஒண்டக் கொளுத்திப் போடுங்க. ஓடிரும். ஓடாட்டி ரெண்டாவதப் போடுங்க. உடம்பில படாமப் பாத்துக்கங்க, பாவம் அதுவும்."

சனூஸா அலுமாரியைத் திறந்தாள். உடுப்புகள் மறுபடியும் பைக்குள் போயின.

அஸர் தொழுதுவிட்டுத்தான் கந்தளாய்க்குப் போய்ச் சேர்ந்தார்கள். தர்சன் சொன்ன இடம் சொன்னபடியே இருந்தது. கிணறு, பூவரசு நிழல், தகரக் கதவு போட்ட சுத்தமான கக்கூசு. றஹ்மா முதலில் அதைத்தான் திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். கலியாணமான இத்தனை வருடத்தில் மஹ்ரூப்புக்குக் கிடைத்த பெரிய பாராட்டுகளில் அதுவும் ஒன்று.

பிறகுதான் எல்லாரும் குளத்தைப் பார்த்தார்கள். மறுகரை தெரியவில்லை. கடல் அளவுக்குத் தண்ணீர், ஆனால் கடலின் இரைச்சல் இல்லை. றுஷ்தா ஓடிப்போய் இரண்டு கையாலும் அள்ளி நாக்கில் வைத்து, "உப்பே இல்ல வாப்பா" என்றாள். "உம்மாட மீன் மாதிரி."

றஹ்மா கூடச் சிரித்துவிட்டாள். மஹ்ரூப் சிரிக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதை மறைப்பதற்காகக் கூடாரத்தின் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினார். கூடாரத்தைச் சுற்றி இன்னொரு கயிறு கட்டி, அதில் வெறும் பால்மாத் தகரப் பேணிகளைத் தொங்கவிட்டார். யார் வந்து முட்டினாலும் சத்தம் கேட்கும். வெடிகளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். போனுக்குச் சிக்னல் இல்லை. இருந்தால்தான் றுவைஸை இன்னொரு தரம் கேட்டிருப்பாரே.

மஃரிப் தொழுது முடிந்து வெளிச்சம் மங்கிய நேரம். காணியின் கடைசித் தொங்கலில் பற்றைகள் அசைந்தன.

"வாப்பா" என்றாள் சனூஸா, மூச்சோடு.

கரும் உருவம் ஒன்று ஆடி ஆடி வந்தது. அவசரமே இல்லாத நடை. மேலே பெரிய, உருண்டைத் தலை. கொஞ்சத் தூரம் வந்ததும் நின்று கூடாரத்தைப் பார்ப்பது போலிருந்தது. தர்சன் சொன்னபடிதான், புது ஆட்களைக் கண்டால் நின்று பார்க்கிறது.

"உள்ள போங்க எல்லாரும்" என்றார் மஹ்ரூப்.  அவர் பின்வாங்கவில்லை. பின்னால் கூடாரத்துக்குள் அவருடைய உலகம் முழுவதும் ஒரு போர்வைக்குள் சுருண்டு கிடந்தது. வெடியைக் கொளுத்தி ஆகாயத்தைப் பார்த்து எறிந்தார்.

குளமே அதிர்ந்தது. உருவம் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு காணி மூலையில் நின்ற புளிய மரத்துப் பக்கமாகப் பாய்ந்தது. அங்கிருந்து ஓவென்று நீண்ட ஓர் ஓலம் கிளம்பியது.

"பிளிறுது" என்றாள் றஹ்மா உள்ளேயிருந்து. "அடுத்ததப் போடுங்க."

அடுத்ததையும் போட்டார். கிளைகள் முறிகிற சத்தம். மறுபடியும் ஓர் ஓலம், இந்த முறை கொஞ்சம் உயரத்திலிருந்து வந்தது போலிருந்தது. தும்பிக்கையைத் தூக்கியிருக்கும் என்று விளக்கம் சொன்னாள் சனூஸா. பிறகு எல்லாம் அடங்கியது.

அதன் பிறகு யாருக்கும் பயம் இல்லை. உப்பில்லாத சோற்றைப் பகிடி பண்ணிப் பண்ணியே தின்று முடித்தார்கள். படுக்கும்போது சனூஸா வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கம்பசுக்குப் போனா முதல் இந்தக் கதையத்தான் சொல்லுவன்" என்றாள். மஹ்ரூப்புக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையாக இருக்கவில்லை.

விடிந்து தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது தர்சன் வந்தான். வேலை முடிந்து முதல் பஸ்ஸில் வந்தவன், செருப்பைக் கையில் பிடித்தபடி புளிய மரத்துப் பக்கமிருந்து ஓடி வந்தான். தலையில் புளிய இலைகள் ஒட்டியிருந்தன.

மஹ்ரூப் எழுந்து நின்று நெஞ்சை நிமிர்த்தினார். இங்கே வோக்கிடோக்கி இல்லை, யாருக்கும் ஒளிக்கத் தேவையில்லை.

"தம்பி, நேத்துப் பின்னேரம் உங்கட பெரியவர் வந்தார். ரெண்டே வெடிதான். ஆள் ஓடிட்டார்."

தர்சன் அவரையும் பேணிக் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தான். 

"ஓடேல்ல நானா" என்றான் கடைசியில். "உங்களுக்கெண்டு தலையில தயிர்ச் சட்டி வச்சுக் கொண்டு வந்த எங்கட அப்பா, வெடிச்சத்தம் கேட்டு ஆனைதான் வருகுது எண்டு சட்டியோட புளிய மரத்தில ஏறினவர், இன்னும் இறங்க மாட்டன் எண்டு நிக்கிறார்."