குழாய் சார் வீடு மாறுகிறார்

வாய் நிறைய நுரையோடு குழாய் சார் பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே கால் மணி. கீழே தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார்! மூணு நாளா தண்ணி வரல சார்!"

'ஆபீஸ் நாளைக்குப் பத்து மணிக்கு' என்று சொல்லத்தான் நினைத்தார். வாயில் பிரஷ் இருந்ததால் தலை மட்டும் ஆடியது.

"சரின்னுட்டார்!" என்று கீழே நின்றவர் தனக்குப் பின்னால் இருந்தவரிடம் சொன்னார். அவர் தனக்குப் பின்னால் இருந்தவரிடம் சொன்னார். அப்போதுதான் குழாய் சார் எட்டிப் பார்த்தார். வரிசை தெருமுனைவரை போயிருந்தது.

குடிநீர் வாரிய அலுவலகத்தில் அவர் புகார்ப் பிரிவு குமாஸ்தா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, சம்பளப் பட்டியலில் மட்டும். மற்றபடி எல்லோருக்கும் அவர் குழாய் சார்தான். பதினோரு வருஷம் நகரத்தின் ஒரு கோடியில் குடியிருந்து, இரண்டு பஸ் மாறி, நின்றபடியே வேலைக்கு வந்தவர். போக இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டரை. அந்தக் காலத்தில் கணவன் மனைவிக்குள் நடந்த பேச்சில் பாதி, "கதவைத் தாழ்ப்பாள் போட்டியா?" என்பதோடு முடிந்துவிடும்.

அதனால்தான் நான்கு மாதம் முன்பு, ஆபீசுக்கு நேர் எதிரே மாடி வீடு காலி என்றதும் ஓடிப்போய்ப் பிடித்தார். வாடகை அதிகம், வீடு சின்னது, வெயில் நேராக அடுக்களைக்குள் வரும். இருக்கட்டும், ஜன்னலைத் திறந்தால் ஆபீஸ் தெரிகிறதே என்று பூரித்துப் போனார். ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் வீடும் தெரியும் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்தார். கூடத்தில் இரண்டு பேர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள்.

"யார் உள்ள விட்டது?"

"கதவு திறந்திருந்துச்சு சார். அக்காதான் குப்பை கொட்டப் போனாங்க."

அக்கா என்பது அவர் மனைவி. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். கூடம் முழுக்க வெட்டிய துணி அடுக்கடுக்காக இருக்கும். குப்பைக் கூடையோடு திரும்பி வந்தவள், வந்தவர்களைப் பார்க்கவில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

"எழுந்திருங்க. ரெண்டு பேரும் நாப்பது காலர் மேல உக்காந்திருக்கீங்க."

அவர்கள் போன பிறகு தையல் மிஷினை மூடிப் பூட்டினாள். அவள் மிஷினைப் பூட்டினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"ஏங்க, ஒரு மாசம் டைம் தரேன். அதுக்குள்ள இது வீடா மாறணும். இல்லேன்னா மிஷினைத் தூக்கிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அங்க மூணு பசங்க கத்துவாங்க, பரவாயில்ல. பசங்க கத்தினா ஒரு அதட்டுப் போடலாம். மனு குடுக்க வந்தவங்களை அதட்ட முடியுமா?"

குழாய் சாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆபீசில் பதினாலு வருஷமாக எவன் எது சொன்னாலும் தலையாட்டுகிறவர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவருடைய சொந்தச் சொத்து. அதில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினார்.

"ஒரு மாசம் எதுக்கு? ஒரே நாள்ல முடிச்சுக் காட்டறேன் பார்."

கையோடு ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினார். 'இது வீடு. குடிநீர்ப் புகார்கள் இங்கே பெறப்பட மாட்டாது.'

மறுநாள் கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது. அவர் இருப்பது அதுவரை தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

"போர்டுல என்ன எழுதியிருக்கு, படிச்சீங்களா?" என்று ஒரு ஆளை மடக்கினார்.

"படிச்சேன் சார். குடிநீர்ப் புகார்கள்னு போட்டிருக்கு."

"அதுக்கு அப்புறம்?"

"அதுக்கு அப்புறம் பெல் அடிச்சேன் சார்."

பெல்லைக் கழற்றினார். கதவைத் தட்டினார்கள். பூட்டிக்கொண்டு உள்ளே மூச்சுக் காட்டாமல் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வழியாக மனுக்கள் வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் அவற்றோடு தன்னுடையது ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்.

"பேசாம ஒரு பெட்டி வெச்சிடறேன்" என்றார் மனைவியிடம். "பேப்பரைப் போட்டுட்டுப் போயிடுவாங்க. பெல் இல்ல, தட்டறது இல்ல, காலர் மேல உக்கார்றது இல்ல."

"அந்தப் பேப்பரை என்ன செய்வீங்க?"

"தொடக்கூட மாட்டேன்."

மனிதர் உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் எண் போடாத மனுவைப் பார்த்தால் அவர் கை நிற்காது. அன்று சாயங்காலமே பெட்டியைத் திறந்து, "சும்மா தேதி மட்டும் போட்டு வைக்கிறேன்" என்று உட்கார்ந்தார். தேதி போட்டவர் எண் போட்டார். எண் போட்டவர் தெருவாரியாகப் பிரித்துக் கட்டினார். மறுநாள் காலை கட்டை ஆபீசுக்கு எடுத்துப் போய் மேஜையில் வைத்தார்.

அங்கேதான் வந்தது வினை. வாரியத்தில் எண் வரிசைப்படிதான் வேலை நடக்கும். பத்து மணிக்கு ஆபீஸ் வரிசையில் நின்று கொடுத்த மனுக்களெல்லாம், முந்தின சாயங்காலமே எண் வாங்கிவிட்ட மனுக்களுக்குப் பின்னால் போய்விட்டன. எதிர்வீட்டுப் பெட்டியில் போட்டால் சீக்கிரம் வேலை நடக்கிறது என்று நகரம் முழுக்கப் பரவியது. அது வதந்தியும் இல்லை, முழு உண்மை. எங்கெங்கோ கோடியிலிருந்தெல்லாம் ஆட்கள் பஸ் ஏறி வந்து போட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் வாரம் அதிகாரி அவரைக் கூப்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"ஆபீஸ் எவ்வளவு அமைதியா இருக்கு பார்த்தீங்களா? ஒரு ஆள் வரல. எல்லாம் உங்க வீட்டுப் புண்ணியம்."

"சார், அதைப் பத்தித்தான் நானும் பேசணும்னு..."

"பேசவே வேணாம். ரெண்டு பெஞ்சு, ஒரு பதிவேடு, ஒரு சீல், எல்லாம் சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்துடும். ஞாயித்துக்கிழமையும் ஒரு ரெண்டு மணி நேரம் பார்த்துட்டீங்கன்னா..."

ஞாயிறு என்ற சொல் காதில் விழுந்ததும் குழாய் சார் நிமிர்ந்தார்.

"முடியாது சார்."

அதிகாரி காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அந்தச் சொல்லை அந்த அறையில் யாரும் கேட்டதில்லை.

"என்ன சொன்னீங்க?"

"முடியாதுன்னேன். திங்கள்லேந்து சனிவரைக்கும், பத்துலேந்து அஞ்சு மணிவரைக்கும் நான் உங்க ஆளு. என் வீட்டு வாசப்படிக்கு அந்தப் பக்கம் நான் யாரோட ஆளும் இல்ல. பெஞ்சு வந்துச்சுன்னா தெருவுல தூக்கிப் போடுவேன்."

"ரோட்டைத் தாண்டினா ஆபீஸ். இதுல என்னங்க கஷ்டம்?"

"அதான் சார் கஷ்டமே!"

வெளியே வந்தபோது மனசு ஜிவ்வென்று இருந்தது. அன்று சாயங்காலம் பெட்டியைக் கடைசித் தடவையாகத் திறந்தார். மனுக்களுக்கு நடுவே நாலாக மடித்த சீட்டு ஒன்று. 'வீடு வாடகைக்கு. தனி வீடு. மிக அமைதியான தெரு. காற்றோட்டம். தையல் வேலைக்குத் தனி அறை.' கீழே விலாசம். அவர் முன்பு குடியிருந்த இடத்துக்கும் அந்தப் பக்கம், பஸ் போய்த் திரும்பும் இடத்துக்கும் அப்பால்.

"மூணு பஸ் மாறணும்" என்றாள் மனைவி.

"மாறுவேன். நாலு பஸ்னாலும் மாறுவேன். தூரம்னா தூரம். இந்தக் கூட்டம் அவ்வளவு தூரம் வராது பார்."

மறுநாளே லீவு போட்டுவிட்டு இருவரும் போய்ப் பார்த்தார்கள். தெரு அமைதியோ அமைதி. வீட்டுக்கார அம்மா அதிகம் கேள்வி கேட்கவில்லை. இந்தத் தடவை குழாய் சார் உஷாராக இருந்தார். வேலை என்ன என்று கேட்டபோது, "புக் பைண்டிங்" என்றார் கூசாமல்.

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்றார் அந்த அம்மா. வாடகையைக்கூட அவராகவே குறைத்துக்கொண்டார்.

"முகத்துல கள்ளமே இல்லாத பொம்பளை" என்று திரும்பும் வழியெல்லாம் குழாய் சார் சொல்லிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் லாரியில் சாமான் ஏறியது. வாசலில் வழக்கமான கூட்டம் நின்றது. லாரியின் பின்பக்கம், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஏறி நின்று குழாய் சார் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பிரசங்கம் செய்தார்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க! எனக்கும் வீடுன்னு ஒண்ணு இருக்கு. அதுல நான் காலை நீட்டிப் படுப்பேன். யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன். எங்க போறேன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். உங்க தண்ணி, உங்க குழாய், உங்க ஆபீஸ், எல்லாம் பத்துலேந்து அஞ்சுவரைக்கும்!"

இரண்டு பேர் கைதட்டினார்கள். மற்றவர்கள் லாரி நகர்வதற்குள் டிரைவரிடம் மனுவை நீட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிவரை தூங்கினார். பெல் இல்லை, குரல் இல்லை. உள்ளறையில் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே தைத்தாள். அவள் முனகிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! சந்தோஷத்தில் அவருக்குக் கண்ணே கலங்கியது. 'ஜெயிச்சுட்டேன்டா' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார்.

காற்று வந்தது. இன்னும் திறந்தார். அதே காற்றுதான் இன்னும் வேகமாக வந்தது. முந்தின ராத்திரி லாரியில் வந்த குடத்துத் தண்ணீரிலேயே ஓடிவிட்டது. பதினாலு வருஷம் குழாய்ப் புகாருக்கு எண் போட்டவர், வீடு பார்க்க வந்த இடத்தில் குழாயை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

பிரஷ்ஷும் கையுமாக வாசலுக்கு ஓடினார். வீட்டுக்கார அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் தெருவே நின்றிருந்தது. ஆளுக்கொரு குடம்.

"அம்மா, தண்ணி வரலியே!" என்றார் குழாய் சார். சொன்ன பிறகுதான், இதே வார்த்தையை இத்தனை வருஷமாகத் தான் கேட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

"எப்படி வரும்? இந்தத் தெருவுக்குக் குழாயை மட்டும் போட்டுட்டு இன்னும் தண்ணியே விடலியே."

"வீட்டைக் காட்டறப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நான் பாட்டுக்கு புக் பைண்டிங் பண்ணிக்கிட்டு..."

"நல்லா பண்ணுங்க, குழாய் சார்" என்றார் அந்த அம்மா, குடத்தை மெல்ல அவர் காலடியில் இறக்கி வைத்துக்கொண்டே. "ஏழு வருஷமா உங்க ஆபீசுக்கு மனு போட்டுப் போட்டு ஓஞ்சுபோயிட்டோம். அதான் தெருவே கூடிப் பேசி, இந்தத் தடவை உங்க பெட்டியில மனுவுக்குப் பதிலா 'வீடு வாடகைக்கு'ன்னு எழுதிப் போட்டோம். பாருங்க, உடனே நீங்களே வந்துட்டீங்க!"