பொற்காலத்துக்குப் பிறகும் பாடியவர்

காலத்தைப் படைத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைத்தவன்தான் மனித குலத்தின் முதல் அறிஞன் என்பதில் ஐயமில்லை. அந்த அறிஞனின் நேர் வாரிசு எங்கள் சங்கம். அதன் செயலாளர் அடியேன். இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்ல முன்வராததால் சொல்கிறேன்.

எங்களுடையது ஒரு பாடகரின் ரசிகர் சங்கம். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவர். தலை முழுக்க நரைத்த பிறகும் எங்களுக்கு அவர் 'அண்ணன்'தான். வாலிபத்திலிருந்து ஓயாமல் பாட்டுகளைக் கொட்டிக்கொண்டே இருந்தார். சாதாரண ரசிகன் கேட்டுவிட்டுப் போய்விடுவான். நாங்கள் அப்படிப் பொறுப்பற்றவர்கள் அல்லர். கேட்பதை நிறுத்திவிட்டுப் பகுக்கத் தொடங்கினோம்.

சங்கத்தின் தலைவர் பல் டாக்டர். அவரிடம் வருகிறவர்கள் காத்திருக்கும் அறையே எங்கள் 'தலைமையகம்'. கண்ணாடி அலமாரியில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். வாயைத் திறந்துவைத்தும் கருத்துச் சொல்லாத உறுப்பினர்கள் அவை மட்டுமே.

ஆய்வுக்குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற தமிழ் விரிவுரையாளர். 'சார்' என்றால் காது கேட்காது, 'புலவரே' என்றால் அடுத்த தெருவிலிருந்தும் திரும்பிப் பார்ப்பார். அண்ணன் முதன்முதலாகப் பாடியது ஓர் ஆலைத் தொழிற்சங்கத்தின் மேடையில். "ஆக, அது சங்க காலம்" என்றார் புலவர். அறை அதிரக் கைதட்டினோம். அடுத்து அண்ணன் கிடார் வாங்கினார். அது 'கம்பி எண்ணிய காலம்'. இதனால் அவர் சிறையில் இருந்ததாக ஒரு வதந்தி பரவியதற்குச் சங்கம் வருந்துகிறது, பெயரை மாற்றுவதற்கில்லை.

பொற்காலம் எது என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

"அண்ணி பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பிப் போனாங்களே, அன்னிக்குப் பொறந்தது பொற்காலம்" என்பார் மூக்குக் கண்ணாடிக் கடை அக்கா. சங்கத்தின் பொருளாளர். "என்ன அழுகை! என்ன சுருதி! அந்தப் பாட்டையெல்லாம் கேட்டா எனக்குச் சோறு இறங்காது. அவ்ளோ சந்தோஷம்."

"அண்ணிக்கு நாம ஒரு நன்றித் தீர்மானம் போட்டிருக்கணும்" என்பார் டாக்டர்.

பிறகு அண்ணன் மறுமணம் செய்துகொண்டார். சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே பாடவும் ஆரம்பித்தார். "இருண்ட காலம்" என்று புலவர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் அதற்கொரு திருத்தம் கொண்டுவந்தார்: "சொத்தைக் காலம்னு வைங்க. இனிப்பு கூடினாத்தானே சொத்தை விழும்?" ஒருமனதாக நிறைவேறியது.

இப்படி வரலாறு சீராகப் போய்க்கொண்டிருந்தபோது அண்ணன் ஒரு தவறு செய்தார். புதிதாக ஒரு பாட்டுப் போட்டுவிட்டார்.

ஒரு ஞாயிறு மாலை, அண்ணனின் காலங்களைத் தொகுத்துச் சங்கம் கொண்டுவரவிருந்த சிறப்பு மலருக்கு அட்டைப்படம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தோம். அழுகிற படமா, அழுது முடித்த படமா என்ற நுட்பமான கட்டம். கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணனே உள்ளே வந்தார். படியேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"கம்பெனிக்காரன் ஒரு கண்டிஷன் போட்டுட்டான்பா" என்றார். "'உங்க ரசிகர் சங்கம் சரின்னா வெளியிடுறோம், இல்லைன்னா இத்தோட ஆளை விடுங்க'ங்கறான். இதையும் விட்டா இனிமே என்னை யாரும் கூப்பிடப் போறதில்ல. போன்லயே இருக்கு. நாலு நிமிஷம். கேட்டுட்டுச் சொல்லுங்க."

புலவர் கையை உயர்த்தினார். "கேட்பது இருக்கட்டும் அண்ணே. இது எந்தக் காலம்?"

"போன வாரம்."

"அது தேதி. நான் காலம் கேட்டேன்."

"நான் இப்ப இருக்கற காலந்தான்யா."

"அப்படியொரு காலம் எங்கள் பகுப்பில் இல்லையே" என்று புலவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

அக்கா இடையில் புகுந்து சமாதானம் செய்தார். "பாட்டு எதைப் பத்தின்னு சொல்லுங்கண்ணே. எங்கயாவது நுழைச்சிடலாம்."

"என் பொண்டாட்டியோட குறட்டை."

டாக்டர்தான் நம்பிக்கையை விடாமல் கேட்டார்: "எந்தப் பொண்டாட்டி?"

"இருக்கறவதான்."

மூவர் முகமும் ஒரே நேரத்தில் தொங்கியது. அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. "முதல்ல இருந்தவ போனப்புறம் வீட்ல ராத்திரி ஒரு சத்தம் இருக்காது. படுத்தா என் காதே எனக்குக் கேக்கும். இப்ப இவ விடற குறட்டை இருக்கே, பக்கத்துல ஆள் இருக்குங்கற சத்தம்பா அது. அதையே தாளமா வெச்சுட்டேன்."

"சண்டை கிண்டை ஏதாச்சும்?" என்றார் அக்கா.

"இல்லம்மா."

"அவங்க உடம்புக்கு?"

"நல்லாருக்கா."

"உங்களுக்காவது?"

"நானும் நல்லாத்தான் இருக்கேன்."

அக்கா பெருமூச்சு விட்டார். "பழைய அண்ணிக்கு ஒரு போன் போடுங்களேன். சும்மா நாலு வார்த்தை திட்டட்டும். அப்புறம் உக்காந்து எழுதுங்க, பாட்டு எப்படிப் பொங்கி வருதுன்னு பாருங்க."

"எந்தக் காலத்திலும் சேராத பாட்டை எந்தக் காலத்திலும் கேட்க இயலாது" என்று புலவர் தீர்ப்பளித்தார்.

"ஏம்ப்பா, பாடினவன் நான். எனக்குத் தெரியாதா அது எப்படிப்பட்ட பாட்டுன்னு?"

"பல்லு உங்களோடதுதான்" என்றார் டாக்டர் கனிவாக. "அதுக்காக நீங்களே பிடுங்கிக்க முடியுமா?"

வாக்கெடுப்பு என்று முடிவாகியது. வேட்பாளர் வாக்காளர்களோடு உட்காரக் கூடாது என்பதால், அண்ணனை மூலை நாற்காலிக்கு அனுப்பினோம். பக்கத்து நாற்காலியில் அவசரத்துக்குப் பல் பிடுங்க வந்த ஒரு பெண்மணி, ஊசி போட்டு, தாடை மரத்துப்போகக் காத்திருந்தார். வலியில் கண் கலங்கியிருந்தது. அண்ணன் அவரைப் பார்த்தார். அப்புறம், யாரிடமும் அனுமதி கேட்காமல், மெதுவாக அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தார்.

செயலாளர் என்ற முறையில் அதை நான் கேட்கவில்லை. மேசைக்கு அடியில் என் கால் தாளம் போட்டது உண்மை. சங்கத்தின் விதிகள் மேசைக்கு மேலே உள்ளவற்றுக்கு மட்டுமே பொருந்தும்.

பாட்டு முடிந்ததும் அந்தப் பெண்மணி கையைத் தூக்கினார். கன்னம் ஒரு பக்கம் கோணியிருக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அ... ஆ... உ... உ..." என்றார்.

"நல்லாருக்குன்னு சொல்றாங்க" என்றார் அண்ணன். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

புலவர் தலையசைத்து மறுத்தார். "அத்தனையும் உயிரெழுத்து. மெய்யே இல்லை. மெய் இல்லாத சாட்சி செல்லாது."

"உயிர் இருக்குல்லய்யா?"

"உயிரைப் பற்றிச் சங்க விதிகளில் எதுவும் இல்லை அண்ணே" என்றேன் நான். சொல்ல வேண்டியது என் கடமை.

பாட்டு ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. எதிர்த்து வாக்களிக்க எனக்கும் ஓர் உந்துதல் வந்ததுதான். ஆனால் ஒருமனதான தீர்மானம் மலரில் பார்க்க அழகாக இருக்குமே என்று அடக்கிக்கொண்டேன்.

அண்ணன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"டாக்டர், பல்லைப் பிடுங்கறதுக்கே ஊசி போட்டுத்தான் பிடுங்கறீங்க, இல்ல?"

"கண்டிப்பா போடணும் அண்ணே."

"அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு குறிப்பில் சேர்த்தோம்.

கம்பெனி சொன்னபடி கைவிட்டது. அண்ணன் அதற்குப் பிறகு பாடவில்லை. கிடாரின் கம்பிகளைத் தளர்த்திப் பரண்மேல் போட்டுவிட்டதாகக் கேள்வி. அப்போது எங்களுக்கு ஏற்பட்ட நிம்மதியை எழுத்தில் வடிக்க முடியாது. இனி எந்தப் பாட்டும் பின்பக்கமாக நுழைந்து எங்கள் வரலாற்றைக் குலைக்காது. அப்போதே மலரை அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்றிருந்தோம். முடிவுரையில் ஒரு வரிதான் பாக்கி. புலவர் கம்பீரமாக எழுதினார்: 'இவ்வாறாக அண்ணன் காலமானார்.'

டாக்டர் பதறிப்போனார். "புலவரே! மனுஷன் உயிரோட இருக்காரு. காலைலகூடக் குடை ரிப்பேர் கடையில நின்னுக்கிட்டிருந்தாரு!"

"காலம் காலமாகப் பகுக்கப்பட்டார் என்ற பொருளில் எழுதினேன்."

"படிக்கறவங்களுக்கு அது எப்படிய்யா தெரியும்? மாலையும் கையுமா வந்து நிப்பாங்க" என்றார் அக்கா.

புலவர் பேனாவை மோவாயில் தட்டியபடி யோசித்தார். "ஆமாம், பிழைதான். 'ஆனார்' என்றால் தன்வினை. அவர் தானாக ஆகவில்லையே. பிறவினைதான் வர வேண்டும்." அடித்துவிட்டுத் திருத்தினார்: 'இவ்வாறாக நாங்கள் அண்ணனைக் காலமாக்கினோம்.'

நான் மெய்ப்புப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். மலர் முழுவதிலும் பிழையில்லாத வாக்கியம் அது ஒன்றுதான்.